கேதீஸ்வரியின் வீடு பற்றிய ஏகமனதான தீர்மானம்

முக்கோணம் ஆய்வு நடுவத்தில் நான் ஆவணப் பொறுப்பாளர். பெயர் சுலக்ஷனா. கூட்டக் குறிப்பு எழுதுவது, ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது, அலுமாரியைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக வைத்திருப்பது, இவைதான் என் வேலை. ஏழு வருடமாகப் பிறர் பேசியதை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். இப்போது நான் செய்ததை எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எங்காவது ஒரு பதிவு இருக்கட்டும். தொழில் பழக்கம் அப்படி.

நடுவம் மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. முன்பு அது மூன்று நிறுவனங்கள். தோழர் நல்லரத்தினத்தின் மார்க்சிய வாசிப்பு வட்டம், செசீலியா மிஸ்ஸின் பெண்ணிலைவாத அமைப்பு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஜெனிஸ்டன் சேரின் பால்புதுமைக் (குயர்) கோட்பாட்டு ஆய்வகம். மூன்றும் மூன்று தெருவில் இருந்தன. ஒருவருடைய கூட்டத்துக்கு மற்றவர் போவதென்றால் கேள்வி நேரத்தில் சண்டை பிடிக்கத்தான் போவார்கள். நிதி தருகிறவர்கள் ஒரு நாள் வந்து, இனி மூன்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே பெண்ணிலைவாதத்துக்கும் பால்புதுமைக் கோட்பாட்டுக்கும் மார்க்சியத்துக்கும் இடையில் பிரிக்க முடியாத வரலாற்று உறவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

உறவு பிரிக்க முடியாததாக இருந்தாலும் பெயர்ப்பலகையில் எதை முதலில் எழுதுவது என்பது நான்கு கூட்டங்களில் முடியவில்லை. அடித்தளம் வர்க்கம், மற்றதெல்லாம் மேல்கட்டுமானம் என்றார் தோழர். வர்க்கம் உண்டாவதற்கு முன்பே பெண் அடிமையாகிவிட்டாள் என்றார் செசீலியா மிஸ். முதலாவது, இரண்டாவது என்று வரிசை வைப்பதே ஒடுக்குமுறை என்றார் ஜெனிஸ்டன் சேர். ஆனால் தன்னுடையது கடைசியில் வருவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் மூன்று பலகை செய்வித்தார்கள். மாதம் பிறந்தால் பலகை மாற்ற வேண்டும். ஏணியில் ஏறுவது நான்.

கூட்ட மேசையையும் முக்கோணமாகச் செய்வித்தார்கள். தலைமை இடம் என்று ஒன்று இருக்கக்கூடாதாம். மேசை வந்து சேர்ந்ததும் மூவரும் மூன்று மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். குறிப்பு எழுத எனக்கு இடமில்லாமல் போனதால் அச்சு இயந்திரத்துப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன்.

தேநீர் இன்னொரு சிக்கல். பெண்கள் தேநீர் ஊற்றுவது ஊதியமில்லாத வீட்டு உழைப்பு என்றார் செசீலியா மிஸ். அந்த உழைப்பு உபரி மதிப்பை உண்டாக்குகிறதா இல்லையா என்பதைத் தீர்க்காமல் முடிவெடுக்கக்கூடாது என்றார் தோழர். ஊற்றுவது பெண், குடிப்பது ஆண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளேயே நிற்கிறோம் என்றார் ஜெனிஸ்டன் சேர். இரண்டு மணி நேரம் பேசியதில் எல்லோருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. நான் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். குறிப்பில் 'கூட்டு உழைப்பு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மூவரும் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் என் கணக்கில் ஒரு பாவமாகச் சேரும். காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய தாய்மாரோடு செசீலியா மிஸ் முகாம் வாசலில் வெயிலில் நின்றவர். தோழர் ஆலைத் தொழிலாளருக்காக மறியலில் இருந்தவர். ஜெனிஸ்டன் சேர் தன் சொந்த ஊரில் தான் யார் என்று சொல்லி அடி வாங்கியவர். அந்த நாட்களில் இவர்கள் ஒருவரிடமும் படிவம் இருக்கவில்லை.

இப்போது படிவம் இருக்கிறது. உதவி கேட்டு யார் வந்தாலும் அவர்களுடைய பிரச்சினை மூன்று கண்ணாடி முறையில் பார்க்கப்படும். சிவப்பு, ஊதா, வானவில் என மூன்று படிவம். ஒவ்வொன்றிலும் 'முதன்மை முரண்பாடு' என்று ஒரு பெட்டி. மூன்று பெட்டியிலும் மூன்று விதமாக எழுதியிருந்தால் கோப்பு உபகுழுவுக்குப் போகும். உபகுழுவில் இருப்பதும் இதே மூவர்தான், ஆனால் நாற்காலி மாறி உட்காருவார்கள். ஏழு வருடத்தில் முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். முப்பத்தெட்டுக் கோப்பும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

முப்பத்தொன்பதாவதாக வந்தவர் கேதீஸ்வரி அக்கா. இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை.

குருக்கள்மடத்தில் வாவிப் பக்கமாக இறங்கும் கடைசி ஒழுங்கையில் அவருடைய வீடு. நாற்பத்தாறு வயது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். கூட வந்த கஜானி அக்கா உள்ளே வரவில்லை. ஸ்கூட்டியை விட்டு இறங்காமல் கேற்றடியில் நின்றார். ஸ்கூட்டியின் பின்னால் இறால் பெட்டி கட்டியிருந்தது. தோணிக்காரரிடம் இறால் வாங்கி ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஊர் கதிரவெளி. சுனாமியில் வீடும் வீட்டாரும் போனபின், இரண்டு கிழமை தங்கிவிட்டுப் போகிறேன் என்று கேதீஸ்வரி அக்கா வீட்டுக்கு வந்தவர். இருபது வருடம் ஆகிவிட்டது.

"மிஸ், ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்க எங்கட அம்மாக்கிட்ட வந்து கதை கேட்டு போன்ல பதிஞ்சிக்குப் போனீங்க. ஞாபகம் இரிக்கா?" என்று கேதீஸ்வரி அக்கா கேட்டார்.

ஞாபகம் இருந்தது. வாவிக்கரைப் பெண்களின் பராமரிப்பு உழைப்பு என்று ஒரு ஆய்வு. அன்னப்பூரணி அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் தனக்குப் பிடித்ததைச் சொன்னார்.

"அண்டைக்கி நான் கடைக்குப் போயிருந்தன். அம்மா வீட்டைப் பத்தி ஏதும் சொன்னவவா? வாற சனிக்கிழமை மத்தியஸ்த சபை. அண்ணன் வீட்டைக் கேக்கார்."

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணத்தின்போது தாய்வீட்டை மகள் பேரில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் சேர்வார். ஆண்பிள்ளை தன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கேதீஸ்வரி அக்கா கல்யாணம் கட்டவில்லை. கல்யாணம் நடக்காததால் உறுதி எழுதும் நாளும் வரவில்லை. அதற்கு முந்தின ஆவணியில் அன்னப்பூரணி அம்மா இறந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் தமையன் அழகரத்தினம் வந்து, தன் இரண்டாவது மகளுக்குக் கொடுக்க வீடு இல்லை, கல்யாணம் கட்டாதவளுக்குச் சீதன வீடு எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

அன்னப்பூரணி அம்மா அன்றைக்கு வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். வீடு கேதீஸ்வரிக்குத்தான் என்று நேராகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், தட்டச்சு செய்தது நான். பதிந்ததும் என் போனில்தான். ஒரு பிரதி நடுவத்து அலுமாரிக்குப் போன பிறகும் அது என் போனில் இருந்தது. பைக்குள் கையை விட்டு எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒலிப்பதிவுகள் நடுவத்தின் உடைமை, அனுமதி இல்லாமல் வெளியாருக்குக் கேட்கக் கொடுக்கமாட்டேன் என்று நான் கையெழுத்து வைத்திருந்தேன். பங்குனியில் என் ஒப்பந்தம் முடிகிறது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. கொடுத்தால் வேலை போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

"பாத்துச் சொல்றன் அக்கா" என்றேன்.

அவர் ஒரு பார்சல் இடியப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் நான்தான் சாப்பிட்டேன்.

புதன்கிழமை கூட்டம். தோழர் பிந்தித்தான் வந்தார். கல்லடியில் அவருடைய வீட்டுக்கு மூன்றாம் தட்டு போடுகிறார்கள். கொங்கிறீட் வேலையாட்களை நம்பிவிட்டு வர முடியாதாம். நான் கோப்பை வாசித்தேன். பதிவில் வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். சனிக்கிழமை மத்தியஸ்த சபை என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

"தோழர் சுலக்ஷனா, அவசரம் எண்டது முதலாளித்துவத்திட நேரக் கணக்கு. நாங்க வரலாற்றிட நேரத்தில யோசிக்கிற ஆக்கள்" என்றார் தோழர். பிறகு தன் சிவப்புப் படிவத்தை எடுத்தார். "வீடு எண்டது என்ன? தனிச்சொத்து. தனிச்சொத்தே இல்லாத ஒரு உலகத்துக்காகத்தான் நான் ஐம்பது வருசமா நிக்கிறன். அண்ணன்ட கையில இருக்கிற தனிச்சொத்தத் தங்கச்சிட கைக்கு மாத்திறதால உற்பத்தி உறவு மாறுமா? மாறாது. அந்த இடியப்பத் தொழிலாளி முதல்ல சங்கத்தில சேரட்டும்."

"இடியப்பம் அவிக்கிறவங்களுக்குச் சங்கம் இல்ல தோழர்" என்றேன்.

"அதுதான் இஞ்ச முதன்மை முரண்பாடு" என்று அவர் பெட்டியில் எழுதினார்.

செசீலியா மிஸ் ஊதாப் படிவத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார். "இது சீதன வீடு. சீதனம் ஒரு பெண்ணடிமை முறை. பத்து வருசமாச் சீதனத்துக்கு எதிராச் சுவரொட்டி ஒட்டிப்போட்டு, இப்ப ஒரு பெண்ணுக்குச் சீதன வீடு எடுத்துக் குடுத்தா நாளைக்கு ஆர் எங்களை மதிப்பினம்?"

"மிஸ், எங்கட பக்கத்தில அந்த வீடு பெண்ணிட பேரிலதானே மிஸ் இருக்கும். புருசன்ட பேரில இல்லயே. அதாலதானே எத்தினையோ பொம்பிளயள் குடிகாரனை வெளியில போட்டுக் கதவைச் சாத்தினவங்க."

"அது உள்ளூர் வழக்கம், சுலக்ஷனா. எங்கட நிலைப்பாட்டுப் பத்திரத்தில அதுக்கு இடமில்ல" என்றார். மிஸ்ஸும் புளியந்தீவில் தாய் எழுதிக் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அதை நான் சொல்லவில்லை, குறிப்பிலும் எழுதவில்லை.

ஜெனிஸ்டன் சேர் கடைசியாகப் பேசினார். மற்றவர்களைவிட அவர் மெதுவாகப் பேசுவார், அதனால் அவர் சரியாகச் சொல்வார் என்று எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை வரும். "அவங்க ரெண்டு பேரும் தங்களை என்னண்டு சொல்றாங்க?"

"ஒண்டும் சொல்றதில்ல சேர். ஒண்டா இருக்கம் எண்டு மட்டும் சொல்லுவாங்க."

"அங்கதான் சிக்கல். நாங்க ஒரு பேர் வைச்சா அடையாளத்தைத் திணிக்கிறம். வைக்காட்டி வானவில் படிவத்தில மூண்டாவது கேள்விக்குப் பதில் இல்ல. அதோட இன்னொண்டு. ரெண்டு பேர், ஒரு வீடு, ஒரு அடுப்பு, இருபது வருசம். இது குடும்பம் எண்ட பழைய அமைப்பைத்தான் திரும்ப உண்டாக்குது. இதைப் பாதுகாக்கிறது எங்கட வேலையா எண்டு நாங்க எங்களையே கேக்கவேணும்."

கேட்டார்கள். ஒருவரை ஒருவரும் கேட்டார்கள். சொத்து இல்லாவிட்டால் குடும்பம் இல்லை என்று தோழர் சொல்ல, குடும்பத்துக்குள் நடக்கும் அடிமைத்தனத்தைப் பார்க்காத சோசலிசம் எதற்கு என்று மிஸ் கேட்க, 'பெண்' என்று நீங்கள் சொல்வது யாரை என்று சேர் கேட்க, வாவியில் வெயில் சாய்ந்துவிட்டது. நான் தேநீர் ஊற்றினேன். ஒரு கட்டத்தில் மூவரும் ஒரே நேரத்தில் 'அந்தப் பெண்களின் குரல்' என்று சொன்னார்கள். எனக்கு அது நல்ல சந்தர்ப்பமாகத் தெரிந்தது.

"சேர், அவங்களுக்கு வீட்டைப் பத்தின எங்கட நிலைப்பாடு வேணாம். அந்தப் பதிவை மட்டும்தான் கேக்காங்க. தாய் சொன்னது. அதைக் குடுத்தாக் காணும்."

மூவரும் பேனாவை மூடி வைத்தார்கள்.

"அன்னப்பூரணி அம்மாட சம்மதம் வேணும்" என்றார் ஜெனிஸ்டன் சேர்.

"அவ செத்துப்போனா சேர்."

"செத்தவங்கட சம்மதத்தை உயிரோட இருக்கிறவங்க தாங்களா எடுத்துக்கொள்றது ஒரு அதிகாரம்."

"ஒரு பெண்ணிட சொல்லைச் சொத்துக்காகப் பயன்படுத்தக்கூடாது. மகளா இருந்தாலும்" என்றார் செசீலியா மிஸ்.

"அந்தக் குரல் கூட்டுச் சொத்து. தனி ஆளுக்குக் குடுக்கேலா" என்றார் தோழர்.

சொல்லி முடித்ததும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். தோழர் எழுந்து மிஸ்ஸுக்குக் கை கொடுத்தார். ஜெனிஸ்டன் சேருக்குக் கண் கலங்கியது. பிரிக்க முடியாத வரலாற்று உறவு இன்று நடைமுறையில் நிரூபிக்கப்பட்டது என்று குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள்.

தீர்மானம் இப்படி இருந்தது: 'கோரப்பட்ட ஒலிப்பதிவு இருப்பதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ நடுவத்தால் இயலாது. எனினும் பாதிக்கப்பட்ட பெண்களுடன் நடுவம் முழுமையாகத் தோழமை கொள்கிறது. அத்தோழமையின் அடையாளமாக மத்தியஸ்த சபைக்கு ஒரு அவதானிப்பாளர் அனுப்பப்படுவார். ஏகமனதாக நிறைவேறியது.' அவதானிப்பாளர் நான்.

வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். தீர்மானத்தை வாசித்தேன். மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"மிஸ், எனக்கு விளங்கல்ல. அப்ப அம்மா ஒண்டும் சொல்லல்லயா?"

நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவில்லை என்பதை இன்றைக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லாமல் இருந்ததை அவர் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

"சரி மிஸ். நீங்க என்ன செய்யிற. பாத்ததே பெரிய காரியம்" என்றார். அன்றைக்கு அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மத்தியஸ்த சபை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியது. மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர், பொறுமையான மனிதர். ஒரு பக்கம் அழகரத்தினம், வெள்ளைச் சேட்டு அணிந்து, கையில் பிளாஸ்டிக் உறையோடு. மறுபக்கம் கேதீஸ்வரி அக்கா. கஜானி அக்கா வகுப்பறைக்கு வெளியே வாகை மரத்தடியில் நின்றார். நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நாடியைத் தொட உட்கார்ந்து, அவதானிப்புப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

அழகரத்தினம் கொடியவனாக இருப்பான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். களைத்துப்போன ஒரு மனிதர். "ரெண்டாவதுக்கு மாப்பிள்ள பேசியாச்சு ஐயா. வீடு இல்லாம என்னண்டு குடுக்கிற? தங்கச்சியை நான் தெருவில விடல்ல. என்ட வீட்டுக்கு வரட்டும், ஒரு அறை குடுக்கிறன்."

"எனக்கு மட்டுமா?" என்று கேதீஸ்வரி அக்கா கேட்டார்.

அழகரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "ஊர் இருபது வருசமா என்னவெல்லாமோ கதைக்குது. நான் காது கேக்காத மாதிரி இருந்திட்டன். இனிச் சம்பந்தக்காரங்கட காதிலயும் விழும்."

அதிபர் தொண்டையைச் செருமினார். சட்டப்படி பார்த்தால் இருவருக்கும் சரிபாதி என்றார். பாதி வீட்டில் யார் குடியிருப்பது என்று அவரே கேட்டுக்கொண்டார். "தாயார் உயிரோட இருக்கேக்க ஏதும் சொன்னவவா? எழுதினவவா?"

"எனக்கிட்ட எத்தினையோ தரம் சொன்னவ ஐயா. உனக்குத்தான் எண்டு. வேற ஆருக்கிட்டயும் சொன்னதாத் தெரியல்ல."

அப்போதுதான் அழகரத்தினம் அதைச் சொன்னார். சத்தம் போடாமல், கொஞ்சம் அழுவது போலத்தான் சொன்னார். "அம்மா அப்படிச் சொல்லியிருந்தா நான் இந்தப் படி ஏறியிருக்கமாட்டன். அம்மாட சொல்லை நான் எப்பவாவது தாண்டினதா? வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அம்மா சொன்னதைக் கேட்டன் எண்டு சொல்லட்டும். நான் எழும்பிப் போறன்."

அதிபர் சுற்றிப் பார்த்தார். அவருடைய பார்வை என்மேலும் வந்து நின்றது. "நீங்க ஆர், மகள்?"

"நான் அவதானிப்பாளர் ஐயா."

"என்ன அவதானிக்கிறீங்க?"

"எல்லாத்தையும்" என்றேன். என் பை மடியில் இருந்தது. போன் பைக்குள் இருந்தது. என் படிவத்தில் அப்போது நிரப்ப வேண்டிய கேள்வி, 'அமர்வில் பெண்ணின் குரலுக்கு இடமளிக்கப்பட்டதா?' என்பது. நான் 'ஓரளவு' என்பதற்கு நேரே சரி போட்டேன்.

கேதீஸ்வரி அக்கா வெளியே வாகை மரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தார். ஆவணியில் தமையன் மகளின் கல்யாணம், அதுவரைக்கும் வீட்டில் இருக்கலாம் என்று எழுதினார்கள்.

படியிறங்கும்போது அவர் என் கையைப் பிடித்தார். "நீங்க வந்தது பெரிய ஆறுதல் மிஸ். எங்கட பக்கத்துக்கு ஒரு ஆள் எண்டு இருந்திச்சே." கஜானி அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னாயா என்று சாமியார் கேட்டார். இல்லை, பேசாமல் இருந்தேன் என்றேன். யாருடைய உத்தரவு என்று கேட்டார். ஏகமனதான தீர்மானம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று தரம் 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். ஒன்றும் குறையவில்லை. பங்குனியில் என் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீடித்தார்கள். 'கோட்பாட்டு ஒருமைப்பாட்டுக்கு அளித்த பங்களிப்பு' என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

நடுவத்தின் பெரிய அறிக்கை வெளியீட்டுக்கு நாள் குறிப்பதில் மேலும் சில மாதங்கள் போயின. மார்ச் எட்டாம் தேதி என்றார் மிஸ். மே முதலாம் தேதி என்றார் தோழர். ஜூன் மாதத்தில் ஒரு நாள் என்றார் சேர். மூன்றும் கடந்துபோன பிறகு, மூவருக்கும் சொந்தமில்லாத ஒரு ஐப்பசிச் செவ்வாய்க்கிழமையில் மண்டபம் கிடைத்தது. மங்கள விளக்கு மதம் சார்ந்தது என்பதால் மூன்று மின்குமிழ் வைத்தார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று ஒத்திகை பார்த்ததில் பியூஸ் போய்விட்டது. அரை மணி நேரம் இருட்டில் இருந்தோம்.

கேதீஸ்வரி அக்காவைக் 'களப் பங்காளி' என்று அழைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்தார். இந்த முறை கஜானி அக்காவும் உள்ளே வந்திருந்தார். ஆவணியில் வீட்டை விட்டுவிட்டார்கள். இப்போது ஆரையம்பதியில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. புகை வரும் என்று கடைக்காரர் அடுப்பு மூட்ட விடுவதில்லை. அதனால் இடியப்பம் நின்றுபோனது. வரும்போது என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உரைகள் முடிந்தபின் ஜெனிஸ்டன் சேர் மேடைக்கு வந்தார். "இப்ப நீங்க கேக்கப்போறது ஒரு அபூர்வமான பதிவு. வாவிக்கரையில வாழ்ந்த ஒருவர், சொத்து, திருமணம், குடும்பம் மூண்டையும் ஒரே மூச்சில கேள்வி கேக்கிறார். எங்கட மூண்டு சிந்தனையும் சந்திக்கிற புள்ளி இதுதான். அறநெறிப்படி பேர்களை அழிச்சிருக்கிறம். ஆண் குரலும் இல்லாம பெண் குரலும் இல்லாம மாத்தியிருக்கிறம்."

அந்தப் பதிவை அறிக்கைக்காக எடுத்துக் கொடுத்தது நான். அலுமாரித் திறப்பு என்னிடம்தானே இருக்கிறது. கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கு எந்தத் தீர்மானமும் தேவைப்படவில்லை.

தகரத்துக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரல் மண்டபத்தில் எழுந்தது. பெயர் வருமிடத்தில் கீச்சென்று ஒரு ஒலி.

"இந்த வளவும் வீடும் என்ட கீச்சுக்குத்தான். கலியாணம் கட்டினா என்ன, கட்டாட்டி என்ன. பொடிச்சிக்குத்தான் வீடு. பொடியனுக்குப் பொஞ்சாதிட வீடு இரிக்கி. மறுகா, இந்தக் கீச்சுப் பொடிச்சி இரிக்காளே, தாயும் இல்லாம தகப்பனும் இல்லாம வந்தவள், அவளையும் ஒருத்தரும் எழுப்பப்படாது. ரெண்டும் ஒண்டா இருக்கட்டும். ச்சூ, போ அங்கால, பூக்கண்டைத் தின்னுற ஆடு. மறுகா என்ன கேட்டீங்க மகள்?"

மண்டபம் கைதட்டியது. தோழர் நின்றுகொண்டு தட்டினார். மூன்றாவது வரிசையில் கேதீஸ்வரி அக்கா கஜானி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இருவரும் எழுந்து வெளியே போனார்கள். நான் பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன், கால் போய்விட்டது.

"அது அம்மா" என்றார் கேதீஸ்வரி அக்கா.

"ஓம் அக்கா."

"ஆடு திண்டது நான் நட்ட செவ்வரத்தை."

"ஓம்."

"இது உங்களுக்கிட்ட முந்தியே இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"பள்ளிக்கூடத்துக்கு வந்த அண்டைக்கும்?"

"என்ட பேக்கில இருந்திச்சு அக்கா."

அவர் என்னை ஏசவில்லை. ஏதோ கணக்குப் போடுபவரைப் போல வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அம்மாட சொந்தக் குரல்ல இரிக்கா?" என்று கேட்டார்.

போனை எடுத்துப் போட்டேன். பெயர்கள் பெயர்களாகவே வந்தன. 'என்ட கேதீசுக்குத்தான்' என்று அன்னப்பூரணி அம்மா சொன்னார். 'இந்தக் கஜானிப் பொடிச்சி' என்றார். கஜானி அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். முடிந்ததும் இன்னொருக்காப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

"இது எவ்வளவு நேரம் ஓடிச்சி, புள்ள?" என்று கஜானி அக்கா கேட்டார். அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

திரையைப் பார்த்தேன். "ஒரு நிமிசம் நாப்பது செக்கன்."

அவர் தலையை ஆட்டினார். கேதீஸ்வரி அக்காவுக்கு ஹெல்மெட்டை மாட்டி, நாடிக்குக் கீழே பட்டியைப் பூட்டிவிட்டார். இருவரும் ஸ்கூட்டியில் ஏறிப் போனார்கள்.

உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நன்றியுரை நான். போய் மேடையேறி, களப் பங்காளிகள் உட்பட வந்திருந்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.